வாலைப் பார்த்து இனம் காண்பது

நியூட்ரானோ காமா கதிரோ, எது நுழைந்தாலும் கதிர் பட்டால் ஒளிரும் திரவமான சிண்டிலேட்டர் தருவது ஒரு நீல மினுக்கல்தான். அதை வைத்து வந்தது யார் என்று சொல்ல வேண்டும். கண்டறிவான் வடிவமைப்பில் என் வேலை அதுதான்.

காமா ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. நியூட்ரானோ ஹைட்ரஜனின் கருவான புரோட்டானை இடித்துத் தள்ளுகிறது. கனத்த புரோட்டான் போகும் வழியெல்லாம் மூலக்கூறுகளை நெருக்கமாகக் கிளர்த்திவிடுகிறது. அவற்றில் மும்மை நிலை என்ற, எளிதில் ஒளிவிடாத கிளர்ந்த நிலையில் இருப்பவை இரண்டிரண்டாகச் சந்தித்து, தாமதமாக ஒளிவிடும். ஆகவே முதல் சில நானோவினாடிகளில் ஒளியின் பெரும்பகுதி வந்து தீர்ந்த பின்னும், நியூட்ரான் துடிப்புக்கு நூற்றுக்கணக்கான நானோவினாடி நீளும் வால் ஒன்று இருக்கும். காமாவுக்கும் வால் உண்டு, ஆனால் மெலிந்தது. ஒளி மின்துடிப்பாக மாறியபின், வாலின் மின்னூட்டத்தை மொத்த மின்னூட்டத்தால் வகுத்து வரைந்தால் நியூட்ரான், காமா என இரண்டு புள்ளிக்கூட்டங்கள் தனித்தனியே தெரியும். துத்தநாக சல்ஃபைடு திரையில் ஆல்ஃபா துகள்கள் எழுப்பிய மினுக்கல்களை இருட்டறையில் உட்கார்ந்து கண்ணால் எண்ணிய, ரதர்ஃபோர்டின் ஆய்வகத்துக் கைகரும் மார்ஸ்டனும் நினைவுக்கு வருவார்கள். இந்த வால் எந்தக் கண்ணுக்கும் அகப்படாது.

நானே வடிவமைத்த முதல் கலம் ஓர் அலுமினிய உருளை. உள்ளே வெள்ளைப் பூச்சு, முகப்பில் கண்ணாடி, அதில் ஒளிப்பசை தடவி ஒட்டிய, ஒளியை மின்துடிப்பாக்கிப் பெருக்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய். நியூட்ரானும் காமாவும் தரும் அமெரிசியம்-பெரிலியம் மூலத்தை வைத்த முதல் நாள் இரண்டு கூட்டங்களும் அழகாக விலகி நின்றன. சில வாரங்களில் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. காமா மூலமான சீசியம்-137 வைத்துப் பார்த்தேன். 477 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் நிற்க வேண்டிய காம்ப்டன் விளிம்பு, அதாவது காமா ஒரு மோதலில் எலக்ட்ரானுக்குத் தரக்கூடிய அதிகபட்ச ஆற்றலின் எல்லை, சற்றே இடப்பக்கம், குறைந்த ஒளியின் பக்கம், நகர்ந்திருந்தது. குழாயின் பெருக்கம் குறைந்துவிட்டது என்று நினைத்து உயர் மின்னழுத்தத்தைக் கூட்டினேன். விளிம்பு பழைய இடத்துக்கு வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

செய்த தவறு அதுதான். விளிம்பு திரும்பியதே தவிர, கூட்டங்கள் பிரியவில்லை. கேபிளை மாற்றினேன், துடிப்பை எண்களாக்கும் டிஜிட்டைசரை மாற்றினேன், வால் தொடங்கும் கணத்தை இரண்டு இரண்டு நானோவினாடியாக நகர்த்திப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு வாரம் இப்படியே போனது. கலங்களை நிரப்பும் தொழில்நுட்பர் ஒருநாள் என் வரைபடத்தை எட்டிப் பார்த்து, "கடைசியாக எப்போது ஆர்கான் விட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

மூடியைக் கழற்றினோம். ரப்பர் வளையத்தின் ஓரிடம் திருகில் சிக்கி நசுங்கி, நகக்கீறல் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. குறைந்த திரவத்தை நிரப்பிவிட்டு அவசரமாக மூடியவன் நான். அந்தக் கீறல் வழியே கசிந்து திரவத்தில் கரைந்த ஆக்சிஜன், மும்மை நிலை மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திக்கும் முன்பே அவற்றின் கிளர்ச்சியைத் தணித்து, ஒளிவிடாமல் செய்துகொண்டிருந்தது. மொத்த ஒளியில் சிறு இழப்புதான். அடிபட்டது வால். போன ஒளியை மின்னழுத்தத்தால் ஈடுகட்டி, நோயின் ஓர் அறிகுறியை நானே மறைத்திருந்தேன்.

மெல்லிய டெஃப்லான் குழலைத் திரவத்துக்குள் இறக்கி, கரைந்த ஆக்சிஜனை வெளியேற்ற ஆர்கான் குமிழிகளை வெகுநேரம் விட்டோம். புது வளையம் போட்டு மூடினோம். மறுநாள் காலை கூட்டங்கள் பிரிந்திருந்தன. மின்னழுத்தத்தைப் பழைய அளவுக்கு இறக்கினேன். விளிம்பு தானாகவே தன் இடத்தில் நின்றது.