வரி நோட்டு

1991 ஜூலையில் உபதேசியாராக வேலையில் சேர்ந்த அன்று பங்குச் சாமியார் என்னிடம் கோயில் சாவி, சவத்தை வைத்துத் தூக்கிப்போகிற தூம்பாவின் கொட்டகைச் சாவி, ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைப் பதிவேடு, திருவிழா வரி நோட்டு ஆகியவற்றை ஒப்படைத்தார். 32 வருடம் கழித்து அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வரி நோட்டு மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நான் செய்த பெரிய தவறு அதில்தான் இருக்கிறது.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே, கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். தஞ்சாவூர் மறைமாவட்டத்துப் பங்கு. அந்தோணியார் பாதுகாவலர். ஜூன் 4 கொடியேற்றம், 12 இரவு சப்பரம், 13 திருவிழாப் பூசை. மேட்டூர் திறக்கிற நாளும் ஜூன் 12தான். அன்றைக்கே திறந்தாலும் கடைமடையான எங்களுக்குத் தண்ணீர் வந்துசேரப் பல நாள் ஆகும். ஆகவே வரி வசூலிக்கிற மே மாதம் யார் கையிலும் காசு புழங்காத மாதம். உளுந்து பறித்த கூலி தீர்ந்திருக்கும், குறுவை நடவு தொடங்கியிருக்காது.

உபதேசியார் என்றால் என்ன வேலை என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். பல பங்குகளில் அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது. பதினேழாம் நூற்றாண்டில், அருளானந்தர் என்ற சாமியார் காலத்தில் ஊர் ஊராக நடந்த சாமியார்களுக்கு முன்னால் போய், சனங்களுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்து, அவர்கள் போன பிறகு அந்தச் சனங்களைக் கட்டிக்காத்தவர்கள் உபதேசியார்கள். என் காலத்தில், ஐந்து கிளைக் கிராமங்களில் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவேன். ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். சாகக் கிடப்பவர் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செபமாலை சொல்வேன். செத்தால் தூம்பாவை எடுத்துக் கொடுத்து, கல்லறைவரை போய் வந்து பதிவேட்டில் எழுதுவேன். மே மாதம் வரி வசூலிப்பேன்.

வரி நோட்டில் 118 தலைக்கட்டு இருந்தது. எல்லாம் ஊர்த்தெருவும் மேலத்தெருவும். தெற்குத் தெருவில் 74 வீடு. அத்தனை பேரும் பூசைக்கு வருகிறவர்கள், அத்தனை பேருடைய பெயரும் ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்டு. வரி நோட்டில் ஒரு பெயர்கூட இல்லை. அவர்கள் தலித்துகள். ஊர்த்தெரு வயல்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டவர்கள். நான் வேற்றூர்க்காரன் என்றாலும் சாதியால் ஊர்த்தெருவைச் சேர்ந்தவன். அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது.

1993 மே மாதம். கோயில் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் வரவு வைத்துக்கொண்டிருந்தேன். தெற்குத் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து படிக்குக் கீழே நின்றார். நடவுக்கு ஆள் கட்டுகிற கொத்துக்காரி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். எனக்கு 29. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே நாலாக மடித்த ஐந்து ரூபாய்த் தாள்கள். ஒவ்வொன்றையும் தொடைமேல் வைத்து நீவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, என் பக்கம் திண்ணை ஓரத்தில் வைத்தார். பத்துத் தாள். அந்த வருடத்து வரி 50 ரூபாய்.

"உபதேசியாரே, எங்க வூட்டுக்கும் வரி போடுங்க."

"உங்களுக்கெல்லாம் வரி கெடையாது. குடுக்கணும்னு இருந்தா காணிக்கைப் பொட்டியில போட்டுட்டுப் போ."

"பொட்டியில போட்டா அந்தோணியாருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமுல்ல?"

நான் பேனாவை மூடினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தாள்களை எடுத்து, திரும்பவும் ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பெட்டியில் போடவில்லை.

என்னைவிட 26 வயது மூத்தவரை நான் 'போ' என்றேன். அவர் என்னை 'போடுங்க' என்றார். அப்போது அது என் காதில் விழவே இல்லை. அப்படித்தான் பேசிப் பழகியிருந்தோம். அன்று காலையில் அதே கோயிலில் 'பிறர் சிநேகம்' பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருந்தேன்.

வரி என்றால் வெறும் பணம் இல்லை. வரி கொடுக்கிறவனுக்கு மண்டகப்படியில் ஒரு நாள் உண்டு. அவன் தெருவுக்குச் சப்பரம் போகும். கணக்கு வாசிக்கும்போது எழுந்து கேள்வி கேட்கலாம். அவன் வீட்டுச் சாவுக்குத் தூம்பா போகும். எங்கள் பங்கு தெற்குத் தெருவுக்குக் கொடுக்காத பங்கு அல்ல. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் ரொட்டி கொடுத்தோம், வின்சென்ட் தே பால் சபையிலிருந்து அரிசி கொடுத்தோம், கிறிஸ்துமசுக்குச் சேலை கொடுத்தோம். வாங்குகிற கை அவர்களுடையதாக இருக்கிறவரை யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. அவர்கள் கொடுக்க வந்ததும் பேனாவை மூடினோம். நீதி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது தர்மம் போடுவதைத்தான்.

அரசாங்கத்திடமும் இதுபோல ஒரு நோட்டு உண்டு. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள்தான் பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இதனால் என் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயருமாக வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரு தகப்பன் வந்து, "பயலுக்கு ஞானஸ்நானம் குடுங்க, ஆனா சர்ட்டிபிகேட் மட்டும் எழுதிடாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாதிச் சான்றிதழ் போனால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்ற பயம். ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக வைத்து எங்கள் ஆட்களும் கறுப்புக்கொடி பிடிக்கிறார்கள். நானும் போயிருக்கிறேன். தாசில்தார் ஆபீஸ் வாசலில் நின்று கோஷம் போடும்போதெல்லாம் என் பெட்டியில் இருந்த வரி நோட்டு நினைவுக்கு வரும். சட்டம் இவர்களை வெளியே வைத்திருக்கிறது என்று கத்துகிற நாங்கள் எங்கே வைத்திருந்தோம்?

1998-ல் ஒரு சாமியார் மாற்றலாகி வந்தார். அதிகம் பேசாதவர். ஏப்ரலில் திருவிழாக் கூட்டம் போட்டார். வரி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "தெற்குத் தெரு பக்கம் எங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் நாட்டாமைகளைப் பார்த்தேன். "அது பரம்பரை வழக்கம் சாமி" என்றார் ஒருவர். "அவங்க காணிக்கை போட்டுக்குவாங்க" என்றார் இன்னொருவர். சாமியார் நோட்டை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு பங்குக்கு ஒரே நோட்டுதான். அது வர்ற வரைக்கும் பூசை உண்டு, சப்பரம் கெடையாது" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இரண்டு வருடம் திருவிழா இல்லை. கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். கொட்டுமேளமும் ராட்டினமும் பொரிகடலைக் கடையும் இல்லாத ஜூன் மாதத்தைப் பிள்ளைகளால் தாங்க முடியவில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் திருவிழாவுக்குத்தான் தாய்வீடு வருவார்கள், அவர்களும் வரவில்லை. சில குடும்பங்கள் எங்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டுப் பூண்டிக்கும் வேளாங்கண்ணிக்கும் போயின. பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தை வேறு பங்கில் வைத்துக்கொண்டார் ஒருவர். அடிபைப்பில் தண்ணீர் பிடிக்கப் போன என் மனைவியிடம், "உங்க வூட்டுக்காரரு சாமியாருக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவளோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். அவள் விடியுமுன்பே போய்த் தண்ணீர் எடுத்து வருவாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அந்த இரண்டு வருடமும் சாமியார் அன்பியக் கூட்டங்களை, அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற கூட்டங்களை, தெரு பார்க்காமல் போட்டார். தெற்குத் தெருவில் ஒரு வாரம், ஊர்த்தெருவில் ஒரு வாரம். முதலில் நாலைந்து பெண்கள்தான் வந்தார்கள். ஆண்கள் வர ஒரு வருடம் ஆனது. 2000 யூபிலி ஆண்டு. லேவியர் 25-ஆம் அதிகாரத்தை அவர் அந்த வருடம் எத்தனை முறை வாசித்திருப்பார் என்று கணக்கே இல்லை. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதுங்கள், நாட்டில் உள்ள எல்லாருக்கும் விடுதலை கூறுங்கள், அவரவர் தம் காணிக்குத் திரும்பட்டும் என்கிற பகுதி. தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. அதற்கு முன்பு பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியையும் சாணிப்பாலையும் நேரில் பார்த்த கிழவர்கள் அப்போது தெற்குத் தெருவில் உயிரோடு இருந்தார்கள். காணிக்குத் திரும்புவது என்ற வார்த்தை வரும்போது அவர்கள் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள்.

அந்த மே மாதம் புது நோட்டு போட்டோம். தெருவாரியாக எழுதாமல் அகரவரிசையில் எழுதச் சொன்னார் சாமியார். இவ்வளவு எளிய யோசனை எனக்கு ஒன்பது வருடம் தோன்றவில்லை. 192 தலைக்கட்டு. முப்பது குடும்பத்துக்கு மேல் அந்த வருடம் வரி கொடுக்கவில்லை, சிலர் அதற்குப் பிறகும் பல வருடம் கொடுக்கவில்லை.

கொத்துக்கார அம்மா வந்தார். வரி 100 ரூபாய் ஆகியிருந்தது. சுருக்குப்பை அதேதான். ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். எழுதப்படிக்கத் தெரியாதவர். "எம் பேரு எங்க இருக்கு, வெரல வச்சுக் காட்டுங்க" என்றார். காட்டினேன். என் விரலை எடுக்கச் சொல்லிவிட்டுத் தன் விரலை அங்கே வைத்தார். நகத்துக்குள் வயல் சேறு கறுப்பாக உறைந்திருந்தது. அது எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. "உள்ள வந்து உட்காருங்கம்மா" என்றேன். அவரை 'அம்மா' என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "இருக்கட்டும், களையெடுக்க ஆளு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். 1993-ல் நடந்ததற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கும் கேட்கவில்லை. பிறகு கேட்கச் சந்தர்ப்பம் இருந்தும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசையில் ஒரு வருடம் தெற்குத் தெரு இளைஞர்கள் ஒரு மன்றாட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட 44 பேருக்காக. பெண்களும் குழந்தைகளுமே அதில் அதிகம். எங்கள் ஊருக்கு அது தூரம் இல்லை. பெத்தலகேமில் பாலன் பிறந்த பாட்டைப் பாடிய அதே கிறிஸ்துமஸ் நாளின் ராத்திரி. கோயிலுக்குள் அரசியல் வேண்டாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. நான் வாசித்தேன். 'உயிரோடு எரிக்கப்பட்ட எங்கள் சகோதர சகோதரிகளுக்காக' என்ற இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேவல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

2016-ல் பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் அமரலாம் என்று போப் பிரான்சிஸ் ஆணை வந்தது. அதுவரை பன்னிரண்டு ஆண்கள்தான். மார்ச் 24, பெரிய வியாழன். கொத்துக்கார அம்மாவையும் உட்கார வைத்தோம். பித்தவெடிப்பும் பழைய சேற்றுப்புண் தழும்புமாக இருக்கிற பாதத்தைச் சாமியார் தொடப்போகிறாரே என்று அவருக்குக் கூச்சம். வீட்டிலேயே செங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். குதிகாலில் ரத்தம் கசிந்திருந்தது. செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். தாம்பாளத்துத் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியதைப் பார்த்தேன். சாமியார் துண்டால் ஒற்றி எடுத்து, குனிந்து முத்தமிட்டார்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. தெற்குத் தெருவில் கூரை தப்பிய வீடு சொற்பம். ஊர்த்தெருவில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. முப்பது வருடத்து மரங்கள். தோப்பை நம்பிப் பெண் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த வீடுகள் இருந்தன. மின்சாரம் வரப் பல நாள் ஆனது. எல்லாரும் கோயிலுக்குள்ளேயே சேர்ந்து தூங்கினோம், ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சினோம். நிவாரண லாரிகள் வந்தபோது வரிசையில் நிற்கத் தெரியாமல் நின்றவர்கள் ஊர்த்தெருக்காரர்கள்தான். கூச்சப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிட்டவர்கள் உண்டு. தெற்குத் தெரு அன்பியப் பெண்கள் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து ஒரு அண்டாவில் சேர்த்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு, தோப்பு போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். 2000-த்தில் வரி கொடுக்க மறுத்த வீடு அது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து முறத்தோடு ஓடி வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "போடுங்க தாயி" என்று முறத்தை நீட்டினார்.

2016 இறுதியில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்கள் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. நல்ல அறிக்கை. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற இடுப்பளவு சுவர் அப்படியேதான் இருக்கிறது. வடக்கே ஊர்த்தெருக்காரர்கள், தெற்கே தெற்குத் தெருக்காரர்கள். தூம்பா இப்போது எல்லாருக்கும் ஒன்று. அது கல்லறை முக்கில் வந்து இடது பக்கமோ வலது பக்கமோ திரும்புகிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் சாமியார் இரண்டு பக்கமும் தீர்த்தம் தெளிக்கிறார். மெழுகுவர்த்திப் புகை சுவரைத் தாண்டிப் போய்வருகிறது.

கொத்துக்கார அம்மா 2020 ஜனவரியில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது செத்துப்போனார். அவர் மகன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து காட்டினார். 2000-லிருந்து 2019 வரைக்கும் அத்தனை வருடத்து வரி ரசீதும் அடுக்கி நூல் கட்டியிருந்தது. "அம்மா கூடவே வச்சிடலாமா உபதேசியாரே?" என்றார். வைக்கச் சொன்னேன். தூம்பா கல்லறை முக்கில் தெற்கே திரும்பியது. நான் பதிவேட்டில் எழுதினேன்.

2023 மே மாதம் ஓய்வு பெறும் நாளில் ஒரு தாளில் எழுதிப் பங்குச் சாமியாரிடம் காட்டினேன். நான் செத்தால் சுவருக்குத் தெற்கே அடக்க வேண்டும் என்று. என் மனைவியும் அதில் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு மகன்களையும் கேட்டேன். சின்னவன் போட்டுவிட்டான். பெரியவன் தாளை வாங்கி இரண்டு முறை வாசித்துவிட்டு, "பாக்கலாம்பா" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.