அவசரத்துக்குத் தனிக் கூலி

ஜாக்கெட் தைக்கிறவளிடம் "நாளைக்குக் காலையில வேணும்க்கா" என்று ஒரு தடவையாவது சொல்லாத பெண் எங்கள் திருச்சியில் இருப்பாளா என்பது சந்தேகம்தான். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருக்கும் எனக்கு, தை, வைகாசி, ஆவணி எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் விடியும். ஆடியிலும் மார்கழியிலும் மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், அது வேறு கதை.

அவசர வேலைக்குக் கூலியில் பாதி கூடுதல் என்று சொல்ல ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்டது இதுதான்: "அதே தையல்தானேக்கா, சீக்கிரம் குடுக்கறதுக்கு எதுக்குக் கூடக் காசு?"

அதே தையல்தான். அவசரம் என்பதற்காகக் கை வேகமாக ஓடாது, ஓடவும் கூடாது. பட்டுச் சேலையோடு சேர்த்தே நெய்து வருகிற ஜாக்கெட் துணியில் கத்தரி தவறினால், அதே நிறம் அதே ஜரிகையில் இன்னொரு துண்டுக்கு எங்கே போவது? தைத்ததைப் பிரித்தாலும் ஊசி போன ஓட்டைகள் பட்டில் வரிசையாகப் பல்லிளிக்கும். பருத்தி லைனிங்கை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பில் உள்துணி மட்டும் சுருங்கி மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். "நனைக்காமலே தைச்சுடுங்க, ஒரு நாள் போடறதுதானே" என்பார்கள். ஒரு நாள் போட்டுவிட்டு யார் தூக்கி எறிகிறார்கள்? அடுத்த கல்யாணத்துக்கு அதையே எடுத்துப் போட்டுப்பார்த்துவிட்டு, தைத்தது யார் என்றுதான் கேட்பார்கள்.

கூடுதல் காசு வேகத்துக்கு இல்லை. அலமாரியில் தேதிச் சீட்டு குத்தி வரிசையாகத் தொங்குகிற பைகளில் ஏதோ ஒன்று பின்னால் போகிறது, பத்து நாள் முன்பே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவருடைய பை அது. அவருக்கு நான்தான் போன் செய்து ஒரு நாள் தள்ளிக் கேட்க வேண்டும். அப்புறம் ஹெம்மிங், கொக்கி வேலை. அதை இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா செய்து தருகிறார். ராத்திரி ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்தவரை எழுப்பி உட்கார வைத்து, ஜாக்கெட்டின் கழுத்து ஓரத்தையும் கை ஓரத்தையும் மடித்துக் கையால் தைக்கச் சொல்லிவிட்டு, வழக்கமான காசையே நீட்ட எனக்கு மனசு வராது. கூடுதலாக வாங்குவதில் பாதி அவருக்குப் போய்விடும்.

கத்தரி வைப்பதற்கு முன்பே தொகையைச் சொல்லிவிடுவேன். வாங்கிக்கொண்டு போகும்போது சொன்னால் அது கேட்கிறவருக்குப் பிடுங்குகிற மாதிரி இருக்கும், அப்படி நினைப்பதும் நியாயம்தான். முன்பே சொல்வதில் இன்னொன்றும் நடக்கிறது: நாளைக் காலை என்று நின்றவர்களில் நிறையப் பேர், "சரி, அப்ப புதன்கிழமையே குடுங்க" என்று இறங்கிவிடுகிறார்கள்.

எல்லா அவசரமும் ஒன்றில்லை. மூன்று மாதம் முன்பே நாள் குறித்துப் பத்திரிகை அடித்த கல்யாணத்துக்கு முந்தாநாள் வந்து நிற்கிறவரிடம் தயங்காமல் வாங்குகிறேன். பெண் வயசுக்கு வந்துவிட்டாள், தண்ணி ஊத்தணும், பாவாடை தாவணிக்கு ஜாக்கெட் வேண்டும் என்று ஒரு அம்மா ஓடி வந்தால் என்ன செய்வது? அதற்கு யார் நாள் குறித்து வைத்திருந்தார்கள்? அங்கே கூடுதல் காசில் ஹெம்மிங் அக்காவின் பங்கை மட்டும் வாங்கிக்கொள்வேன். இது தெருவில் தெரிந்து, "அவங்களுக்கு மட்டும் குறைச்சீங்களாமே" என்று வரத்தான் செய்கிறது. ஆமாம், குறைத்தேன் என்பேன்.

நான் எதிர்பார்க்காத தொல்லை ஒன்று உண்டு. முன்பெல்லாம் கெஞ்சிக்கொண்டு, காபி குடிங்கக்கா என்று குழைந்து வந்தவர்கள், காசு கொடுக்கிறோமே என்று இப்போது உரிமையோடு வியாழக்கிழமை பையைப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள். கூச்சத்தைக் காசு துடைத்துவிட்டது. அதனால் வாரத்துக்கு இரண்டு அவசரம் மட்டும் என்று வைத்திருக்கிறேன். மூன்றாவதாக வருகிறவர் இரட்டிப்பாகத் தருகிறேன் என்றாலும், அடுத்த தெருவில் யார் தைக்கிறார்கள் என்று வழி சொல்லி அனுப்பிவிடுகிறேன்.