வாரண்டியில் சேராத தூசி

மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவை மறைத்துக்கொண்டு ஒட்டியிருக்கும் சிறிய வட்ட ஸ்டிக்கருக்கு உள்ள அதிகாரம், எங்கள் குடியிருப்பு நலச் சங்கத் தலைவருக்குக்கூடக் கிடையாது. அகற்றினால் வாரண்டி செல்லாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கும் அந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டு, கணினி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தபோதும் நான் வெளியே கைகட்டி நின்றுகொண்டிருந்தேன்.

நிலைமை முற்றியது ஓர் அலுவலகக் காணொலிக் கூட்டத்தில். நான் பேசத் தொடங்கியதும் மேலாளர் மிகுந்த பணிவுடன், "சார், வீட்டில் மாவு அரைக்கிறாங்க போலிருக்கு, முடிஞ்சதும் பேசலாமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டு கிரைண்டர் அன்று ஓய்வில் இருந்தது. மின்விசிறிக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் இடையில் தூசி படிந்து காற்றின் வழியை அடைத்துவிட்டால், விசிறி முழு வேகத்தில் சுழன்று ஓலமிடும். அப்படியும் சூடு தணியாமல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், கணினியின் மூளையான செயலி (பிராசஸர்) தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு எக்செல் கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு, காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் கோப்பு திறந்திருக்கும் என்ற நிலைக்கு என் கணினி வந்து சேர்ந்திருந்தது.

நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். தூசி என்பது தயாரிப்புக் குறை அன்று என்பதால் சுத்தம் செய்வது வாரண்டியில் சேராது, அதற்குக் கட்டணம் உண்டு என்று ஒரு பெண் தெளிவாக விளக்கினார். அப்படியானால் நானே திறந்து துடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "திறந்தா வாரண்டி போயிடும் சார்" என்றார். வாரண்டியில் சேராத வேலையைச் செய்வதால் வாரண்டி எப்படிப் போகும் என்று நான் கேட்டதும் மறுமுனையில் சிறிது நேரம் மௌனம் நிலவியது. அதன்பின் புல்லாங்குழல் இசை ஒலிக்கத் தொடங்கியது. இசை நன்றாகவே இருந்தது.

வேறு வழியின்றி, வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காத வாரண்டிக் கையேட்டைப் பூதக்கண்ணாடியுடன் படித்தேன். அங்கீகாரம் பெறாதவர் கைவைத்ததால் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்றுதான் அதில் இருந்ததே தவிர, மூடியைத் திறந்த குற்றத்துக்காக மொத்த வாரண்டியும் ரத்தாகும் என்று ஓரிடத்திலும் இல்லை. அதைவிட வியப்பு, அதே நிறுவனத்தின் இணையதளத்தில் எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்ற வேண்டும், மூடியை எந்த மூலையிலிருந்து நெம்ப வேண்டும், பேட்டரி இணைப்பை எப்போது பிரிக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கும் சர்வீஸ் கையேடு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்ததுதான். ஸ்டிக்கர் ஒட்டும் பிரிவும் கையேடு எழுதும் பிரிவும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை போலும்.

மேலும் தேடியதில் ஊக்கம் பெருகியது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ காசு கொடுத்துப் பெற்றால்தான் வாரண்டி உண்டு என்று பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. அதைச் சுட்டிக்காட்டி அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018இல் சில பெரிய நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2024இல் மீண்டும் அனுப்பியபோது, இத்தகைய ஸ்டிக்கர்களைக் குறித்தே சில கணினித் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் போயிற்று. இதையெல்லாம் நான் வெற்றிக் களிப்புடன் விவரித்து முடித்ததும் என் மனைவி, "சரிங்க, ரிப்பேர்னா லேப்டாப்பை அமெரிக்காவுக்கா அனுப்பப் போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டை எதிர்த்து முறையிட வழியுண்டு, 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையமும் உண்டு; ஆனால் ஸ்டிக்கரைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை.

ஆகவே சேவை மையத்துக்கே மின்னஞ்சல் எழுதினேன். மூடியைத் திறந்து தூசியை மட்டும் நீக்கினால், பின்னாளில் அதனோடு தொடர்பில்லாத பழுது வரும்போது வாரண்டி மறுக்கப்படுமா என்று ஒரே கேள்விதான் கேட்டிருந்தேன். திறக்கும்போது ஏற்படும் சேதத்துக்கு மட்டும் வாரண்டி பொருந்தாது என்று பதில் வந்தது. தொலைபேசியில் புல்லாங்குழல் வாசிப்பவர்கள் எழுத்தில் பொறுப்பாகவே பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலை அச்சிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் கோப்பில் பத்திரப்படுத்தினேன்.

சிறிய ஸ்க்ரூடிரைவரும் மென்மையான பிரஷும் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது, கடைக்காரரிடம் ஸ்டிக்கர் பற்றிய என் மனக்குறையைக் கொட்டினேன். அவர் குனிந்து மேசையின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். அதில் அதே வாசகத்துடன் அதே அளவில் வட்டச் சீட்டுகள் வரிசை வரிசையாக இருந்தன. "எத்தனை வேணும் சார்?" என்றார். நேர்மை காரணமாக மறுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சீட்டின் மீது எனக்கிருந்த பயபக்தி அந்த இடத்திலேயே பாதியாகிவிட்டது.

திறப்பு விழாவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சிவிடலாம் என்றான். அது உண்டாக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடலாம் என்று தடுத்தேன். சைக்கிள் பம்பு என்ற எதிர்வீட்டுக்காரரின் யோசனையும் நிராகரிக்கப்பட்டது. பின்புற ஸ்க்ரூக்கள் முன்புறத்தவற்றைவிட நீளமானவை என்பதாலும், நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் அது உள்ளே எதையாவது குத்திவிடும் என்பதாலும், ஒரு தாளில் கணினியின் படத்தை வரைந்து ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைத்தோம். பேட்டரி இணைப்பைப் பிரித்தபின், விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பிரஷால் நீவியதும், தகடுகளின் வாயிலில் இருந்த தூசி ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. அக்கா மகன் அதைப் புகைப்படம் எடுத்து, "மாமாவின் சேமிப்பு" என்ற குறிப்புடன் குடும்ப வாட்சப் குழுவில் போட்டான்.

சில மாதங்கள் கழித்து விசைப்பலகையில் சில எழுத்துகள் வேலைநிறுத்தம் செய்தன. சேவை மையத்துப் பொறியாளர் கணினியைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில், "ஸ்டிக்கர் எங்க சார்?" என்றார். கோப்பைத் திறந்து மின்னஞ்சலை நீட்டினேன். அவர் ரேஷன் கார்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து, வாடிக்கையாளர் முன்பே திறந்துள்ளார், உட்புறச் சேதம் இல்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கையொப்பம் கேட்டார். விசைப்பலகை கட்டணமின்றி மாற்றித் தரப்பட்டது.

செய்தியைக் கேட்ட அக்கா மகன், விடுதி அறைத் தோழர்களின் கணினிகளையும் திறக்கவேண்டியிருப்பதால் அந்த மின்னஞ்சலைத் தனக்கு அனுப்பும்படி கேட்டான். அவை வேறு வேறு நிறுவனங்களுடையவை, ஒவ்வொன்றுக்கும் பொடி எழுத்து தனித்தனி, இந்தப் பதில் அங்கே செல்லாது என்று பொறுமையாக விளக்கினேன். நன்றாகப் புரிந்துகொண்டவன், அன்றிரவே அத்தனை வாரண்டிக் கையேடுகளையும் எனக்கு அனுப்பி, "படிச்சுச் சொல்லுங்க மாமா, உங்ககிட்டதான் பூதக்கண்ணாடி இருக்கே" என்று எழுதியிருந்தான்.