தயிர்ப் பக்டீரியாவைப் புளிப்புக்குப் பழக்கிப் பார்த்தேன்

திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியா எருமைத் தயிர்ச் சட்டியொன்றின் அடியில் மிஞ்சியது 12 நாளாகப் பிரிஜ்ஜுக்குள்ளேயே கிடந்தது. வாயில் வைத்தால் பல் கூசியது. "கொட்டிப்போட்டுச் சட்டியைக் கழுவு" என்றா அம்மா. மனமில்லாமல் ஒரு கரண்டி எடுத்து இளஞ்சூட்டுப் பாலில் உறை விட்டேன். விடியப் பார்த்தால் கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருந்தது. தான் விட்ட அமிலத்துக்குள் தானே எப்படி இத்தனை நாள் உயிரோடு இருந்தது?

வாசித்ததில் பிடிபட்டது இவ்வளவு. பாலின் லக்டோசைத் தின்று பக்டீரியா லக்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசின் புரதம் திரண்டு தயிராகிறது. ஆனால் அமிலம் வெளியிலேயே நிற்பதில்லை. புளிப்பு ஏற ஏற, புரோத்தனை (ஐதரசன் அயனை) இன்னும் பிரித்துவிடாத அமில மூலக்கூறுகளின் பங்கு கூடும்: 4.6 இல் நூற்றுக்கு 15 அளவு, 3.86 இல் சரிபாதி. மின்னேற்றமில்லாத அவை கலமென்சவ்வைத் தாண்டிப் போய், உள்ளே பிரிந்து புரோத்தனை விட்டுவிடும். அதைக் கலம் சக்தி செலவழித்து வெளியே தள்ள வேண்டும். ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற வேலைதான். சில இனங்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து அமோனியா உண்டாக்கிப் புளிப்பை முறிக்கின்றன. தயிரிலுள்ள ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸ் பாலின் யூரியாவை வைத்தே அதைச் செய்கிறது. மென்சவ்வின் கொழுப்பமிலங்கள் மாறும், குலைந்த புரதங்களைத் திருத்தி மடிக்கும் துணைப்புரதங்கள் பெருகும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். மெல்லிய புளிப்பில் கொஞ்சநேரம் நின்ற கலம், பின்னால் வரும் கடும் புளிப்பைக் கூடுதலாகத் தாங்கும் என்கிறார்கள். அதை என் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன்.

முதல் முயற்சி பாழ். தயிரைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவிட்டு ஒரு கரண்டியைப் பாலில் விட்டேன். பத்து நிமிடத்தில் பால் திரைந்தது. அது சாறு செய்த வேலை.

அடுத்தமுறை, உறை விட்ட பாலை மூன்று மணித்தியாலத்தில், கட்டியாக முன்பே, இரண்டு கிளாசாகப் பிரித்தேன். ஒன்றில் தேசிச்சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். தாளில் 5 வரை இறக்கினேன். மற்றதில் சிட்டிகை அப்பச்சோடா, 6.5 இல் நிற்கும்படி. ஒரு மணித்தியாலம் கழித்து, இரண்டிலும் ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்துத் தேசித் தண்ணீரில் விட்டேன். கலந்தபின் தாள் இரண்டுக்கும் 3 காட்டியது. அரை மணித்தியாலம். பிறகு ஐந்தைந்து துளி மட்டும், காய்ச்சி ஆற்றிய 200 மில்லி பாலில். வெறும் தேசித் தண்ணீர் ஐந்து துளி விட்ட மூன்றாவது கிளாசும் பக்கத்தில்.

காலை 7 மணிக்கு வைத்தது. பின்னேரம் 4 மணிக்குப் பழகிய கிளாசைச் சரித்தேன்: மேற்பரப்பு அசையாமல் ஒரே துண்டாக நின்றது, விளிம்பில் மஞ்சள் தெளிநீர். மற்றது கஞ்சி போல வழிந்தது, இரவு 9 மணி தாண்டித்தான் உறைந்தது. மூன்றாவது பாலாகவே இருந்தது. 6.5 இல் இருந்த கிளாசில் பக்டீரியா அந்த ஒரு மணித்தியாலத்தில் கூடப் பெருகியிருக்கத்தான் வாய்ப்பு. இருந்தும் அதுதான் பின்தங்கியது. மூன்று தரம் செய்தேன், மூன்றிலும் இதே வரிசை.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்க முன்னம் தயிர் 'பாதை'யில் (ஆளும் வண்டியும் ஏற்றிக் கடக்கும் மிதவையில்) ஏறித்தான் இக்கரை வரும். வெயிலில் காத்து நின்று புளித்த தயிர்தான் உறைக்குத் திறம் என்று அம்மா இப்போது சொல்றா. சட்டியைக் கொட்டச் சொன்னவ.

ஒரு குறை உண்டு. தேசிக்காயில் இருப்பது சிட்ரிக் அமிலம், அது லக்டிக் அமிலம் போல இலேசில் மென்சவ்வைத் தாண்டாது. அதனால் வினாகிரிக்கு மாறியிருக்கிறேன். அசெற்றிக் அமிலம் பி.எச். 3 இல் ஏறத்தாழ முழுதும் பிரியாமல்தான் நிற்கும். நேற்று அரை மணித்தியாலம் வைத்ததில் இரண்டு கிளாசுமே உறையவில்லை. இன்று ஐந்து நிமிடம் மட்டும். அடுப்படி மூலையில் துணி போட்டு மூடியிருக்கிறது; சற்றுமுன் திறந்தபோது பழகியதன் ஓரத்தில் மட்டும் மெல்லிய திரள் கண்டேன்.