கல்லில் இறங்காத கட்டர்

மாடிப்படிக்குக் கிரானைட் பதிக்கும் வேலை நடக்கிறது. நேற்று மார்பிள் கட்டர் கல்லில் இறங்கவே மாட்டேன் என்றது. உதவிக்கு வந்த தம்பி அழுத்து அழுத்தென்று அழுத்தினார். மெஷின் சூடானதுதான் மிச்சம். சரி, பிளேடு போச்சு என்று நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். மேஸ்திரி அண்ணன் விடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடு விளிம்பைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. கெட்டிக் கல்லையே வெட்டிக்கொண்டிருந்தால் விளிம்பில் பதித்திருக்கும் வைரத் துகள் மழுங்கிவிடும். அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்தால்தான் புதுத் துகள் வெளியே வரும். அந்த உலோகம் தேயட்டும் என்று, சொரசொரப்பான சிமென்ட் கல்லில் கட்டரால் நாலைந்து கோடு இழுத்தார். அப்புறம் பழையபடி இறங்கியது.

மெஷின் விட்டு விட்டு ஓடி, உள்ளே பொறி பறந்தால், மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டுமாம். மாற்றினால் ஜோடியாக.

எனக்குப் பயம் தூசிதான். அதிலிருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுத்தால் சரிசெய்ய வழியில்லை. முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. நல்லவேளை, இது தண்ணீர்க் குழாயோடு வந்த மெஷின். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள லைனில் மாட்டி, தூசி அடங்கத் தண்ணீர் விட்டே வெட்டினார்கள்.

கழற்றிப் போட்டிருந்த பிளேடு கவர்? பெயின்ட் டப்பாவுக்குள் கிடந்தது.