காணுமோ, காணாதோ?

1993ஆம் ஆண்டு நான் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு, அந்தச் சிறு வெளிச்சத்தில் பாடம் படித்த காலம் அது. கொப்பிக்கும் தட்டுப்பாடு இருந்தது. ஒரு கணக்கைப் பிழையாகத் தொடங்கி, பாதியில் வெட்டி, மறுபக்கத்தில் மீண்டும் எழுதுவது எங்கள் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாத செலவு. எங்கள் கணித ஆசிரியரை நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்றே அழைத்தோம். அவர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடித்ததும், கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: “ஒருத்தரும் இப்ப செய்ய வேண்டாம். தந்தது காணுமோ காணாதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.” எங்கள் ஊர்ப் பேச்சில் காணும் என்றால் போதும், காணாது என்றால் போதாது.

கொப்பியை மிச்சம் பிடிக்கத்தான் அவர் அப்படிச் செய்தார் என்று அன்று நினைத்தேன். அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால், விடையைக் காண்பதும், விடை காண முடியுமா என்று அறிவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை அவர் எங்களுக்குள் ஊன்றிவிட விரும்பினார் என்றே இப்போது நம்புகிறேன்.

அவர் முதலில் தந்த கணக்கு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒரு தந்தை தம்மிடமிருந்த பணத்தில் பாதியை மூத்த மகனுக்குக் கொடுத்தார். மீதியில் மூன்றில் ஒரு பங்கை இளைய மகனுக்குக் கொடுத்தார். எஞ்சியதை மகளுக்குக் கொடுத்தார். மகளுக்குக் கிடைத்தது எவ்வளவு? வகுப்பில் பாதிப்பேர் உடனே பாதியையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, மகளுக்கு ஆறில் ஒன்று என்றார்கள். மாஸ்டர் கோபிக்கவில்லை. கரும்பலகையில் இருந்த ‘மூன்றில் ஒரு பங்கு’ என்ற சொற்களுக்குக் கீழே ஒரு கோடிழுத்து, “எதின்ர மூண்டில ஒண்டு?” என்று கேட்டார். மொத்தத்தினுடையது அல்ல, மீதியினுடையது. மீதி பாதி என்பதால் இளையவனுக்கு மொத்தத்தில் ஆறில் ஒன்று. மகளுக்கு மூன்றில் ஒன்று. பின்னம் தனியே நிற்கும் எண்ணன்று, எதனுடைய பின்னம் என்று தெரியாதவரை அதற்குப் பொருளே இல்லை என்பதை அந்த ஒரு கேள்வியில் நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

ஆனாலும் மகளுக்கு எத்தனை ரூபாய் என்று இன்னும் சொல்ல முடியாது. பங்குகள் எல்லாம் தெரிகின்றன, பணம் தெரியவில்லை. அப்போது மாஸ்டர் கணக்கின் கீழே இரண்டு குறிப்புகளை எழுதினார். மொத்தப் பணம் 1800 ரூபாய் என்பது முதற்குறிப்பு. மூத்தவனுக்கு இளையவனைவிட 600 ரூபாய் கூடக் கிடைத்தது என்பது இரண்டாவது. எழுதியதும் ஒரு கொப்பி மட்டையை எடுத்து முதற்குறிப்பை முழுதாக மறைத்துப் பிடித்தார். மறைத்ததை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்பது களவு என்பார். பாதிக்கும் ஆறில் ஒன்றுக்கும் இடையிலான வித்தியாசம் மூன்றில் ஒன்று. அது 600 ரூபாய் என்றால், மகளின் பங்கும் மூன்றில் ஒன்றுதானே, ஆகவே 600 ரூபாய். மட்டையை இறக்கி இரண்டாவது குறிப்பை மறைத்தார்: 1800 ரூபாயில் மூன்றில் ஒன்றும் 600. ஒவ்வொன்றும் தனித்தே காணும்.

அடுத்த நாள் அதே கணக்குக்கு வேறொரு குறிப்பைத் தந்தார்: மகளுக்குக் கிடைத்தது இளையவனுக்குக் கிடைத்ததைப்போல் இரண்டு மடங்கு. நாங்கள் உற்சாகமாகக் கை உயர்த்தினோம். ஆனால், மகளின் மூன்றில் ஒன்று இளையவனின் ஆறில் ஒன்றைப்போல் இரண்டு மடங்கு என்பது கணக்கிலேயே அடங்கியிருக்கும் செய்தி. அந்தக் குறிப்பு புதிதாக எதையும் தரவில்லை. தெரிந்ததையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும் குறிப்பை அடையாளம் காண்பதுதான் இந்த வகைக் கணக்கில் மிகக் கடினமானது என்று இன்றும் கருதுகிறேன். இரண்டு குறிப்புகள் இருந்தால் இரண்டு செய்திகள் இருக்கும் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது.

பாஸ்கராச்சாரியர் 1150ஆம் ஆண்டளவில் எழுதிய லீலாவதியில் வரும் தாமரைக் கணக்கையும் மாஸ்டர் இதே நோக்கில்தான் சொல்லித் தந்தார். ஒரு தாமரைக் குவியலில் மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, நாலில் ஒன்று எனத் தெய்வங்களுக்குப் படைத்தபின் எஞ்சிய 6 மலர்கள் குருவுக்குப் போகின்றன. நான்கு பின்னங்களையும் கூட்டினால் அறுபதில் ஐம்பத்தேழு. எஞ்சுவது இருபதில் ஒன்று. ஆகவே மொத்தம் 120. அந்த ஆறு மலர்களைச் சொல்லாமல் விட்டிருந்தால் பின்னங்கள் எத்தனை இருந்தும் பயனில்லை என்று கூறிவிட்டு, கரும்பலகையில் அந்த 6ஐ மட்டும் வட்டமிட்டுக் காட்டினார்.

ரூபாய்த் தொகை எதுவும் தராத கணக்கும் சிலவேளை தீரும் என்பதை நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு கச்சான் (நிலக்கடலை) கணக்கால் காட்டினார். ஒரு சிறுவன் தன் கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒன்றுக்கு விளையாட்டுச் சாமானும், ஐந்தில் ஒன்றுக்குக் கச்சானும் வாங்கினான். இரண்டுக்கும் கொடுத்தது முழு ரூபாய்களே, சதம் இல்லை. அவன் கையிலிருந்த பணம் எவ்வளவு? அவனிடம் 20 ரூபாய்க்கு மேலும் 40 ரூபாய்க்குக் குறைவாகவும் இருந்தது என்பது மட்டுமே குறிப்பு. மூன்றாலும் ஐந்தாலும் மீதியின்றிப் பிரிபட வேண்டுமென்றால் அது 15இன் மடங்காக இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் 30 ஒன்றுதான் உண்டு. காணும்.

பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 2008இல், ரொறன்ரோவில் முகாமைத்துவப் பட்டப்படிப்புக்காக ஜிமேட் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தபோது, தரவு போதுமையைக் கேட்கும் கேள்விகளைக் கண்டு திகைத்துப்போனேன். மாஸ்டரின் கொப்பி மட்டையே அச்சில் வந்ததுபோல் இருந்தது. ஒரு கேள்வி, இரண்டு குறிப்புகள், ஐந்து விடைகள்: முதற்குறிப்பு மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், ஒவ்வொன்றும் தனித்தே போதும், சேர்த்தாலும் போதாது. கணிதப் பகுதியில் 75 நிமிடத்தில் 37 கேள்விகள், கணிப்பான் கிடையாது, விட்டு வந்த கேள்விக்குத் திரும்பவும் முடியாது.

பயிற்சியின்போது நான் தவறிய வகையில் ஒன்றைச் சொல்கிறேன். மூவர் 3600 டொலரைப் பகிர்ந்துகொண்டனர், முதலாமவருக்கு எவ்வளவு? அவருடைய பங்கு மற்ற இருவரின் கூட்டுத்தொகையில் பாதி என்பது முதற்குறிப்பு. இரண்டாமவரின் பங்கு மூன்றாமவருடையதில் நாலில் மூன்று என்பது இரண்டாவது குறிப்பு. தெரியாதவை மூன்று, ஆகவே சமன்பாடு மூன்று வேண்டும் என்று எண்ணி, இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்று குறித்தேன். பிழை. மற்ற இருவரும் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டாலும் எங்களுக்கு என்ன? அவர்களின் கூட்டுத்தொகை இரண்டு பங்கு, முதலாமவருடையது ஒரு பங்கு. 3600இல் மூன்றில் ஒன்று 1200 டொலர். முதற்குறிப்பே போதும். அன்று மாலை, மாஸ்டர் கீழ்க்கோடிட்ட அந்தச் சொற்களை நினைத்து நெடுநேரம் நூலகத்தில் இருந்தேன். பரீட்சை நாளில் ஒவ்வொரு பின்னத்தின் கீழும் ‘எதின்ர?’ என்று தமிழில் எழுதிக்கொண்டேன். குறிப்புகளை இடது கையால் மாறி மாறித் திரையில் மறைத்துப் பார்த்தேன்.

இப்போது என் மகள் அதே பரீட்சைக்குப் படிக்கிறாள். 2023 நவம்பரில் வந்த புதிய முறையில் இந்தக் கேள்விகள் கணிதப் பகுதியிலிருந்து நீங்கி, தரவுகளை ஆராயும் தனிப் பகுதிக்குப் போய்விட்டன. 45 நிமிடம், 20 கேள்விகள், திரையில் கணிப்பானும் உண்டு. சென்ற மாதம் ஓர் இரவு சமையலறை மேசையில் அவளுக்கு மாஸ்டரின் கச்சான் கணக்கைச் சொன்னேன். மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, 20க்கும் 40க்கும் இடையில். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “காணாது, அப்பா” என்றாள். 15இன் மடங்கை அவளுக்குச் சொல்லப் போனேன். அவள் தாளில் 22.50 என்று எழுதி, அதன் கீழே ஏழரை, நாலரை என்று இரண்டு பங்குகளையும் எழுதி என் பக்கம் திருப்பினாள்.

“முழு ரூபாய் எண்டு நீங்கள் சொல்லேல்லையே.”

உண்மைதான். மாஸ்டர் சொன்னதில் அந்த ஒரு வாக்கியத்தை நான் விட்டிருந்தேன்.