நிதிக்குழுவின் கணக்கில் காடு

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் பலர், ஆட்சி, பொருளாதாரம், சுற்றுச்சூழல் என மூன்று குறிப்பேடுகள் போட்டு நடப்பு நிகழ்வுகளைத் தனித்தனியே எழுதி வருகிறார்கள். மத்திய வரி வருவாயை மாநிலங்களோடு எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்க, அரசியலமைப்பின் 280ஆவது பிரிவின்படி அமையும் நிதிக்குழுவை அவர்கள் எந்தக் குறிப்பேட்டில் எழுதுவார்கள்?

பகிர்வுக்குரிய மத்திய வரிகளில் மாநிலங்களுக்கு 41 விழுக்காடு தரலாம் என்று பரிந்துரைத்த 15ஆவது நிதிக்குழு, அந்தத் தொகையை மாநிலங்களிடையே பங்கிடும் சூத்திரத்தில் காடு, சூழலியல் என்ற அளவுகோலுக்கு 10 விழுக்காடு ஒதுக்கியது. முந்தைய குழு காட்டுப்பரப்புக்கு ஒதுக்கியது 7.5 விழுக்காடு. காட்டைக் காக்கும் மாநிலம், அங்கே சுரங்கமோ தொழிற்சாலையோ அமைத்து ஈட்டியிருக்கக்கூடிய வருவாயை விட்டுக்கொடுக்கிறது; அதற்கான ஈடு இது.

ஆனால், கணக்கில் வந்தது அடர்ந்த காடு மட்டுமே. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும், நீலகிரிச் சோலைகளுக்கு இடையே மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடும் புல்வெளிகளும் அதில் வரவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. முதன்மைத் தேர்வில் நிதிக் கூட்டாட்சி, அதாவது மத்திய, மாநில அரசுகளுக்கு இடையிலான நிதிப் பகிர்வு பற்றிய கேள்வி வந்தால், விழுக்காடுகளோடு நின்றுவிடாமல், இந்த விடுபடலைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.